கழற்றிய புஷ்ஷைக் கேட்டு வாங்குங்கள்

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. அங்கே உருவான ஃபிகோக்களும் ஈகோஸ்போர்ட்டுகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வயதான கார்களை வெளிப்பட்டறையில் விடுவதில் தவறே இல்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதமே விதித்தது. அவற்றில் சில மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் பின் ஆக்சிலை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் ரப்பர் புஷ், மாட்டிய பிறகு உரிமையாளரின் கண்ணில் படாது. என்ன மாட்டினார்கள், மாற்றினார்களா என்பதற்கே சாட்சி வேண்டும். கழற்றிய பழைய புஷ்ஷும் விவரமான பில்லும்தான் அந்தச் சாட்சி.

வெயிலிலும் வயதிலும் ரப்பர் வெடிக்கும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடலோரம் நிற்கும் கார்களில் உப்புக்காற்றால் போல்ட் துருவேறி, புஷ்ஷின் உள்குழாயோடு இறுகிவிடுவதும் உண்டு. வேகத்தடையில் பின்னால் ‘டொக்’கென்ற சத்தம், டயர் சீரில்லாமல் தேய்வது, வளைவில் பின்பக்கம் தள்ளாடுவது ஆகியவை அறிகுறிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தில் திடீரென ஒதுங்க நேர்ந்தால் இந்தத் தள்ளாட்டம் ஆபத்தாகும். சத்தம் ஷாக் அப்சார்பரிலிருந்தும் வரலாம் என்பதால், வண்டியைத் தூக்கிக் கம்பியால் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது. போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது காரின் பாரம் சக்கரத்தில் இறங்கியிருக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், தரைக்கு வந்ததும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பழைய காருக்கு மலிவான புஷ் போதாதா என்பார்கள். ஆக்சிலை இறக்கிப் பழையதை நெட்டித் தள்ளிப் புதியதைப் பொருத்துவதில் பெரிய செலவு கூலிதான். மட்டமான ரப்பர் கிழிந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். பில் கேட்டால் வரி சேரும், பழகிய மெக்கானிக்கைச் சந்தேகிப்பதாகிவிடும் என்ற தயக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒழுங்காக வேலை செய்தவருக்கும் அந்தப் பில்தான் பாதுகாப்பு. பின்னால் வேறொருவர் கெடுத்ததற்கு அவர் பொறுப்பாக வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, சேவைக்குப் பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. தெரிவிக்க வேண்டியதை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. கூலி, பாகத்தின் பெயர், தயாரிப்பாளர், உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் தனித்தனியே இருக்கட்டும்.

தகராறு வந்தால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதனால் மாட்டிய புது புஷ் கிழிந்துபோனால், அடுத்த பட்டறையில் அதைக் குப்பையில் போடவிடாமல் வாங்கி, தேதியெழுதி வைத்துக்கொள்ளுங்கள்.