நூலுக்கு ஒரு திறவுகோல்

புதிய புத்தகம் கிடைத்தால் முதல் பக்கத்தை ஆவலோடு புரட்டுகிறோம். தொழில்நுட்பக் கையேடுகளின் கடைசியில், அகர வரிசையில் அமைந்திருக்கும் பொருட்குறிப்பு அகராதியை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? அதன் அருமையை ஒரு தையல் இயந்திரத்தைக் கொண்டே விளக்கலாம்.

மறுநாள் விழா. ஒரு மாணவி பாவாடை தைக்கிறாள். துணியைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. "கோளாறு அடியில்தானே!" என்று பாபின் கேஸின் சிறு திருகைத் திருகுகிறாள். கையேட்டை எடுத்து, "பாபின்" என்ற பகுதி முழுவதையும் படிக்கிறாள். பயனில்லை. ஏனெனில், அடியில் வளையம் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே சரியாக அமராமல் இருக்கலாம். அல்லது மேல் டென்ஷன் தளர்ந்திருக்கலாம். பாவம், சரியாக இருந்த திருகையும் கலைத்துவிட்டாள்!

"வளையம், துணியின் அடியில்: மேல்நூல் டென்ஷன் காண்க" என்று கையேட்டின் கடைசியில் ஒரு வரி இருந்திருந்தால், இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

பொருளடக்கம் ஆசிரியர் சொல்ல விரும்பிய வரிசை. பொருட்குறிப்பு அகராதியோ, தேடி வருபவரின் தேவைக்கு விடை. ஆசிரியருக்கு இயந்திர உறுப்புகளின் பெயர் தெரியும். நமக்குத் தெரிவது கண்ணில் படும் கோளாறு மட்டுமே. ஆகவே நல்ல அகராதி, தேடுபவர் வாயில் வரக்கூடிய சொற்களையும் சேர்த்துக்கொள்ளும். "ஊசி" என்று எழுதி இருபது பக்க எண்களை அடுக்காமல், "ஊசி: உடைதல், பொருத்துதல், மாற்றுதல்" என்று பிரித்துக் காட்டும்.

பாவாடை கெட்டால் வேறு தைக்கலாம். ஆனால் முதலுதவிக் கையேட்டை எண்ணிப் பாருங்கள். குழந்தையின் கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. பதறும் தாய் "கொதிநீர்" என்றுதான் தேடுவாள். அச்சொல் அங்கே இல்லாமல் "வெப்பக் காயங்கள்" என்று மட்டும் இருந்தால்? உடனே ஓடும் குளிர்நீரில் கையைக் காட்ட வேண்டிய நேரம், பக்கம் புரட்டுவதிலேயே கழிந்துவிடும்!

இக்கலை மிகப் பழையது. 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், சாமிநாதர் சபைத் துறவியான செயின்ட் ஷேர் ஹியூவின் தலைமையில் துறவியர் பலர் கூடி விவிலியத்துக்குச் சொல்லடைவு தயாரித்தனர். அப்போது வசன எண்கள் இல்லை. கையெழுத்துப் பிரதிகளில் பக்கங்களும் ஒத்திரா. எனவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறுகளாகப் பிரித்து, எழுத்திட்டு, இடம் சுட்டினர். பின்னர் அச்சுக்கலை வந்ததும், ஒரே பதிப்பின் எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே பக்க எண் என்ற வசதி கிடைத்தது.

இன்று கணினி நொடியில் தேடித் தருகிறதே எனலாம். உண்மைதான். ஆயினும் சாதாரணத் தேடலில், நாம் தட்டிய சொல் எங்கே வருகிறது என்பதுதான் தெரியும். எந்த இடத்தில் நமக்கு விடை இருக்கிறது என்பதைப் படித்து உணர்ந்து குறித்து வைப்பது, பிறர் தவிப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் ஓர் உள்ளம்.

தோழியரே, உங்கள் மனையியல் குறிப்பேட்டின் கடைசி இரு பக்கங்களை இன்றே ஒதுக்குங்கள். பாடம் முடியும்போதெல்லாம் ஐந்து சொற்களைப் பக்க எண்ணுடன் எழுதுங்கள். தேர்வுக்கு முந்திய இரவில் அதன் அருமை புரியும். அடுத்த ஆண்டு அக்குறிப்பேட்டை வாங்கிப் படிக்கும் தங்கையும் உங்களை வாழ்த்துவாள்.