நுழைவுச்சீட்டு இல்லாமல் ஒரு விமானக் காட்சி

ஈராண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில், சாங்கி கடற்கரைப் பூங்காவில் வார நாளிலும் பாய் விரித்த குடும்பங்களைப் பார்க்கலாம். சிலர் மடியில் நாசி லெமாக் பொட்டலம். சிலர் கழுத்தில் முழங்கை நீள லென்சுடன் கேமரா. எல்லாருடைய பார்வையும் தென்கிழக்கு வானத்தில். அந்தத் திசையில், சாங்கி கண்காட்சி நிலையத்தில் சிங்கப்பூர் விமானக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்.

2008ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெறும் இக்கண்காட்சியின் முதல் நாள்கள் வர்த்தகர்களுக்கு உரியவை. வார இறுதியில்தான் பொதுமக்கள் சீட்டு வாங்கி உள்ளே போகலாம். ஆனால் வானத்துக்கு வேலி கிடையாது. கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள்களில் நடக்கும் ஒத்திகைகளையும் வெளியே நிற்பவர்கள் பார்க்கலாம்.

வெளியே நின்றால் எதை இழக்கிறோம்? தரையில் நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களை அருகில் பார்க்க முடியாது. ஒலிபெருக்கி விளக்கம் கேட்காது. சாகசங்கள் திடலின் நடுவே இருப்பவர்களின் கண்ணுக்காக அமைக்கப்படுபவை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு விமானங்கள் உரசிக்கொண்டு கடப்பதுபோல் தெரியும்; பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி தெரிந்துவிடும். புகையில் வரையும் இதயமும் கோணலாகிப்போகும்.

கிடைப்பதும் உண்டு. ஒவ்வொரு சாகசத்துக்கும் பிறகு விமானம் கோட்டின் முனையில் சரிந்து திரும்பும். அப்போது அதன் முதுகு முழுவதும் தெரியும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால், விசையோடு திரும்பும் போர் விமானத்தின் இறக்கை மேல் வெண்பஞ்சாக நீராவி படரும். பக்கவாட்டில் நிற்பவருக்கு வாய்க்கும் படம் அதுதான்.

முதலில் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். பிப்ரவரியில் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று. ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. அதற்கு முன் கடலைப் பார்த்து நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும்; விமானம் கறுப்பு நிழலாகத்தான் பதியும். பிற்பகலில் சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும், வண்ணங்கள் துலங்கும். ஒரே நாளில் இரண்டு முறை சாகசம் நடந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்து, காதை நம்பாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஓசை நம்மை வந்தடைய ஏறக்குறைய ஆறு வினாடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். இரைச்சல் வரும் திசையைச் சுட்டிக்காட்டி “அப்பா, அங்கே!” என்று பிள்ளை சொல்லும்போது அங்கே வெறும் மேகம்தான் இருக்கும். பறக்கும் திசையில் இன்னும் முன்னே தேடச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு, மூன்று முறைக்குள் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போர் விமானத்துக்கு ஷட்டர் வேகம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவாகவோ இருக்கட்டும். ஹெலிகாப்டருக்கு அந்த வேகம் ஆகாது. சுழலும் விசிறி உறைந்துபோய், நூலில் தொங்கும் பொம்மைபோல் தெரியும். 125இல் ஒரு பங்கு முதல் 250இல் ஒரு பங்கு வரை வைத்து, கேமராவையும் அதனுடன் சேர்த்து நகர்த்தினால் விசிறி சுழல்வது படத்தில் தெரியும். மயில் ஓவியம் தீட்டிய இந்திய விமானப் படையின் ‘சாரங்’ ஹெலிகாப்டர்களை 2024இல் எடுக்கப் போனவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தக் குழு முதன்முதலில் பொதுமக்கள் முன்னால் சாகசம் செய்ததும் இங்கேதான், 2004ஆம் ஆண்டில்.

வானம் வெளுத்திருந்தால் கேமரா ஏமாந்து விமானத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். கைகளைப் பழக்க, சாகசம் தொடங்குமுன் பயணிகள் விமானங்களை எடுத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதத்தில் அவை பெரும்பாலும் வடக்கு நோக்கிப் புறப்பட்டுக் கடற்கரைப் பக்கம் மேலெழும். கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? தொலைவில் உள்ள விமானம் அதில் புள்ளிதான். அண்ணாந்து பார்க்கும் தாத்தாவையும் அவருக்குப் பின்னால் வானில் நீளும் புகைக்கோட்டையும் எடுங்கள். பத்து ஆண்டு கழித்து வீட்டார் தேடிப் பார்க்கும் படம் அதுவாக இருக்கலாம்.

இத்தனையையும்விட முக்கியமானது நிற்கும் இடம். 2015 ஆகஸ்ட் 22ஆம் தேதி, இங்கிலாந்தின் ஷோர்ஹம் விமானக் காட்சியில் ஹாக்கர் ஹண்டர் என்ற பழைய போர் விமானம் வளையமடித்து இறங்கும்போது பக்கத்து நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர்கூடத் திடலுக்குள் இருந்தவர் இல்லை. அந்த வழியாகச் சென்றவர்களும் சாலையோரம் நின்று பார்த்தவர்களும்தான் உயிரிழந்தனர்.

திடலுக்குள் இருப்பவர்களுக்கு விமானம் எவ்வளவு தள்ளிப் பறக்க வேண்டும் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள். வெளியே நிற்பவருக்கு அப்படி அளந்து கொடுப்பவர் இல்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாங்கியில் சாகசங்கள் கடலுக்கு மேலே நடப்பது பெரிய ஆறுதல். ஆனாலும் ஓடுபாதையின் நேர்கோட்டில் நிற்க வேண்டாம். லாரிகள் விரையும் சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டு, வியூஃபைண்டரில் கண் வைத்தபடி பின்னால் அடியெடுத்து வைப்பவரைப் பார்த்தால், விமானத்தைவிட லாரிதான் பயமுறுத்துகிறது. கூடுதலாக ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பூங்காவின் புல்தரைக்கே பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

படமெடுக்கத் தடை என்று பலகை உள்ள பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். ஆளில்லா வானூர்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி அதைப் பறக்கவிடுவது குற்றம். கடற்கரைப் பூங்கா அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

வாகன நிறுத்துமிடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தானா மேரா எம்ஆர்டி நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் வரை போய், அங்கிருந்து கடலோரமாக நடக்கலாம். தொப்பி, தண்ணீர், குடை மூன்றும் பையில் இருக்கட்டும். கைக்குழந்தை இருந்தால் காதுக்கவசமும் தேவை. மழை வந்து சாகசம் ரத்தானால் மனம் தளர வேண்டாம். சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் தேநீர் சூடாக இருக்கும். மறுநாளும் வானம் அங்கேயேதான் இருக்கும்.