வீட்டுக் கணினியில் விமானம்: எவ்வளவு நிஜம், எவ்வளவு இலகு?



விமானம் என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பெண்கள் பலருக்கு, வானில் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய நாட்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளை அள்ளிச் சென்ற பின்னர், நிவாரணம் ஏற்றிவந்த ஹெலிகொப்டர்களின் சத்தமும் எமது மக்களின் காதுகளில் இருக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கோ விமானம் வேறொன்று. வெளிநாட்டிலிருந்து வாப்பாவைக் கொண்டுவருவது அது. கணினித் திரையில் தாங்களே ஓட்டிப் பார்ப்பதும் அதுதான்.

‘பிளைட் சிமியுலேட்டர்’ எனப்படும் இந்த விளையாட்டுகள் பற்றித் தாய்மார் எம்மிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. இது குண்டு போடும் விளையாட்டா? இதனால் பிள்ளை விமானி ஆகலாமா? இவ்வளவு கஷ்டமானதை ஏன் விளையாடுகிறான்? மூன்றுக்கும் விடை காண, இவ்விளையாட்டில் எவ்வளவு நிஜம் இருக்கிறது, எதனை இலகுவாக்கியிருக்கிறார்கள், எதனை விட்டுவிட்டார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

துருத்தியில் பிறந்த பயிற்சிப் பெட்டி

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்ரன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோ, ஓர்கன் ஆகிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். அங்கே பயன்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929இல் லிங்க் ஒரு சிறிய விமானப் பெட்டியைச் செய்தார். உள்ளே அமர்ந்து பிடியை அசைத்தால் பெட்டி சரியும், திரும்பும். தொடக்கத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களே. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் மோசமான காலநிலையில் தபால் ஏற்றிச் சென்று பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கானோர் அதில் பயிற்சி பெற்றனர். அமெரிக்கக் கடற்படையில் அப்பெட்டியில் பயிற்சி கொடுத்தவர்களில் பெண்களும் இருந்தனர் என்பதை எமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க ஒரு விடயம் உண்டு. பெட்டியின் மூடியை மூடிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. மாணவன் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழக வேண்டும். இன்றைய வீட்டு விளையாட்டில் வானமும் கடலும் தெரிகின்றன, ஆனால் கதிரை அசைவதில்லை. இரண்டிலும் உள்ளது பாதி நிஜம்தான். எதற்காகப் பழகுகிறோமோ அதற்குத் தேவையான பாதியைத் தெரிவு செய்வதே இக்கருவிகளைச் செய்வோரின் வேலை.

இலகுவாக்கல் ஏமாற்றல்ல

1982 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது முதலாவது பிளைட் சிமியுலேட்டரை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர் புரூஸ் ஆர்ட்விக். அன்றைய சிறிய கணினியில் சிக்காகோ நகரின் கட்டடங்கள் வெறும் கோடுகளாகவே தெரிந்தன. ஆனால் விமானத்தின் வேகம் குறைந்தால் அது உயரத்தை இழக்கும் என்ற உண்மை அதில் இருந்தது. படத்தில் விட்டுக்கொடுத்தார்கள், பறப்பின் விதியில் இயன்றவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மற்றுமோர் உதாரணம். நிஜமான சிறு விமானத்தைத் திருப்ப வேண்டுமானால் கையால் பிடியைச் சாய்க்கும் அதே நேரத்தில் காலால் மிதியையும் அழுத்த வேண்டும். இரண்டும் இசையாவிட்டால் விமானம் பக்கவாட்டில் வழுக்கும். வீட்டில் பிள்ளையிடம் இருப்பது விசைப்பலகை மட்டுமே. ஆகவே கால் மிதியின் வேலையை விளையாட்டே பார்த்துக்கொள்ளும் ஒரு தெரிவினை வைத்திருக்கிறார்கள். 2006இல் வந்த பதிப்பில் எரிபொருள் தீராமல் வைப்பது, மோதலைப் பொருட்படுத்தாமல் விடுவது போன்ற தெரிவுகளும் இருந்தன. 2020இல் வந்த பதிப்பில் முழு உதவி, நடுத்தரம், நிஜம் போல என்று மூன்று படிகளே தரப்பட்டன. பிள்ளை பழகப் பழக உதவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளலாம்.

தையல் வகுப்புக்குப் போன சகோதரிகளுக்கு இது புதிதல்ல. முதல் நாளிலேயே எம்மிடம் புதுத் துணியைத் தருவதில்லை. நூல் கோக்காத ஊசியால், கடதாசியில் வரைந்த கோட்டின் மேல் ஓட்டிப் பழகுகிறோம். கடதாசி துணியல்ல. ஆனால் மிதியும் சில்லும் கையின் நேர்த்தியும் நிஜம். கடதாசியில் பழகுவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பிள்ளை உதவியை வைத்து விளையாடுவதையும் அவ்வாறே பார்க்கலாம்.

மிகவும் இலகுவாக்கினால்?

2012 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட், ‘மைக்ரோசொப்ட் பிளைட்’ என்ற பெயரில் இலவசமாக ஒரு விளையாட்டை விட்டது. புதியவர்களை இழுக்க வேண்டும் என்பதே நோக்கம். உலகம் முழுவதும் பறந்த இடத்தில் ஹவாய்த் தீவொன்று மட்டும் முதலில் கிடைத்தது. மேலதிகமாக வேண்டியவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பழையவர்கள் ‘இதில் ஏறிச் செல்லப் படி இல்லையே’ என்று ஒதுங்கினர். புதியவர்களும் எதிர்பார்த்த அளவுக்கு நிலைக்கவில்லை. அதே ஆண்டு யூலையிலேயே அதற்கான வேலைகள் நிறுத்தப்பட்டன. முதற்படி தாழ்வாக இருப்பது நல்லதே, அதற்கு மேல் படிகளும் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

காசும் மின்சாரமும் இணையமும்

இலகு என்பதை நாம் இன்னொரு விதத்திலும் பார்க்க வேண்டியுள்ளது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு ஐரோப்பாவில் தட்டுகளாக விற்பனைக்கு வந்தபோது அதற்குப் பத்து டிவிடிகள் தேவைப்பட்டன. 2024 நவம்பரில் வந்த பதிப்பு, உலகக் காட்சியின் பெரும்பகுதியைப் பறக்கும் நேரத்திலேயே இணையத்தில் இருந்து எடுக்கிறது. வெளியான நாளில் அந்நிறுவனத்தின் கணினிகள் கூட்டத்தைத் தாங்காமல் பலர் உள்ளே நுழைய முடியாதிருந்தனர். ‘டேட்டா’ அட்டை வாங்கிச் சமாளிக்கும் குடும்பத்துக்கு இந்த நிஜம் எட்டாத நிஜம். 2022இல் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டில் இருந்த எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. ‘பிளைட்கியர்’ என்ற விளையாட்டைத் தொண்டர்கள் பலர் சேர்ந்து 1997 முதல் வளர்த்து வருகின்றனர். அது முற்றிலும் இலவசம். அதன் பழைய பதிப்புகளைப் பழைய கணினியிலும் ஓட்டலாம். காட்சி அழகு குறைவு, பழகவும் சற்றுக் கடினம். என்றாலும் பறப்பின் விதிகள் அதிலும் உண்டு. கடன்பட்டு விலையுயர்ந்த கணினியும் விமானப் பிடியும் வாங்க வேண்டிய அவசியமில்லை.

கீழே இருக்கும் சனம்

எமது களப்பணியில் சந்தித்த ஒரு தாய், மகன் கல்முனைக் கடற்கரைக்கு மேலே விமானம் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “கீழ இரிக்கிற சனமெல்லாம் எங்க மகன்?”

மகனிடம் பதில் இருக்கவில்லை. விளையாட்டைச் செய்தவர்களிடமும் முழுமையான பதில் இல்லை. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகின் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றை, வானில் இருந்து எடுத்த படங்களைக் கணினி பார்த்து ஊகித்துக் கட்டியது. வீடு இருந்த இடத்தில் ஒரு வீடு நிற்கும், ஆனால் அது உங்கள் வீடாக இராது. விமானம் விழுந்தால் திரை கறுத்துவிடும். தீயும் காயமும் காட்டப்படுவதில்லை. 2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டதும், அவ்வாண்டு வெளிவரவிருந்த பதிப்பிலிருந்து அக்கோபுரங்களை எடுத்துவிட்டார்கள். ஆகவே எந்த நிஜத்தைக் காட்டுவது என்பது எப்போதும் மனிதர் செய்யும் தெரிவாகவே இருந்து வந்துள்ளது.

பயணிகள் விமானத்தை ஓட்டும் விளையாட்டும் போர் விமானத்தை ஓட்டும் விளையாட்டும் வேறு வேறு. இரண்டாவது வகையில் இலக்கும் குண்டும் உண்டு. அவற்றில் விமானியின் கருவிகள் மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கலாம். குண்டு விழும் இடத்தில் இருப்பவரின் பயம் அந்த நுணுக்கத்தில் சேர்வதில்லை. பிள்ளை விளையாடுவது எந்த வகை என்பதைக் கேட்டறிவது தாயின் உரிமை.

சத்தமும் அப்படித்தான். இயந்திர இரைச்சல் நிஜமாக இருப்பது விளையாடுபவனுக்கு மகிழ்ச்சி. அடுத்த அறையில் இருக்கும் உம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ அது நெஞ்சைப் பதறவைக்கலாம். அதைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம், அனுபவித்தவர்களின் உடல் மறக்காமல் வைத்திருப்பது அது. இவ்விளையாட்டுகளில் இயந்திரச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒருவருக்காகச் சத்தத்தைக் குறைக்கப் பழகும் பிள்ளை, விளையாட்டில் இல்லாத ஒரு நிஜத்தையும் கற்றுக்கொள்கிறது.

கனவுக்கும் உரிமத்துக்கும் இடையில்

வீட்டில் எத்தனை மணிநேரம் விளையாடினாலும் அது பறந்த நேரமாகக் கணக்கில் வராது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி தனியார் விமானி உரிமம் பெற வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். பொதுவாக 40 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 5 மணிநேரம் வரை மட்டுமே சிமியுலேட்டரில் பெற்ற பயிற்சியைச் சேர்க்கலாம். அதுவும் அனுமதி பெற்ற கருவியில், பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். இதற்கு மேலாக மருத்துவப் பரிசோதனையும் பெருந்தொகைச் செலவும் உண்டு. இதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், இதைச் சொல்லிக் கனவை நசுக்கவும் வேண்டாம். வரைபடம் வாசித்தல், காற்றின் திசை, ஆங்கிலச் சொற்கள், ஒழுங்கு முறையாகச் சரிபார்த்தல் ஆகியன எந்தத் தொழிலுக்கும் உதவுபவை. கணினி முன் மகனுக்குக் கிடைக்கும் நேரம் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறோம்.

தாய்மார் செய்யக்கூடியவை

1. எந்த விளையாட்டு, பயணிகள் விமானமா போர் விமானமா என்று கேளுங்கள்.

2. முழு உதவியுடன் தொடங்கட்டும். பாதுகாப்பாகத் தரையிறக்கப் பழகிய பிறகு ஓர் உதவியை நிறுத்தச் சொல்லுங்கள்.

3. சத்தத்தைக் குறைக்கும்படி கேளுங்கள். காரணத்தைச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், விரும்பாவிட்டால் வேண்டாம்.

4. நேரத்தை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். தரையிறங்கும் வேளையில் மின்னை நிறுத்தினால் சண்டைதான் மிஞ்சும்.

5. வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் அமருங்கள். “இதில் எது நிஜம், எதை இலகுவாக்கி இருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். பிள்ளை விளக்கிச் சொல்லும்போது அதன் அறிவு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.