மின்வேலி நின்றுவிட்டதா? பெட்டியைக் கழற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

பற்றை மூடிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி, கத்தரியும் பயறும் மரவள்ளியும் வைத்த பின்னர்தான் அடுத்த பிரச்சினை தெரியவரும். நீங்கள் இல்லாத ஆண்டுகளில் காடு காணிக்குள் வந்துவிட்டது. அதோடு புள்ளிமானும் மரையும் காட்டுப்பன்றியும் வந்து பழகிவிட்டன. ஒரு மான் கூட்டம் ஓரிரவில் பயற்றங்கொழுந்தை மொட்டையடித்துவிடும். இதனால் பல குடும்பங்கள் பற்றரியில் இயங்கும் சிறிய மின்வேலியைத் தோட்டத்தைச் சுற்றிப் போட்டுள்ளன. அந்த வேலிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டியைக் கடைக்காரர் ‘எனஜைசர்’ என்பார். இங்கே நாம் பெட்டி என்றே சொல்வோம். வேலி நின்றுபோனால் எல்லோரும் முதலில் இந்தப் பெட்டியைத்தான் குறை சொல்வார்கள். அனேகமாகப் பழுது வேறிடத்தில் இருக்கும். அதை நீங்களே கண்டுபிடித்துத் திருத்திவிடலாம்.

வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுக்காதீர்கள்

பெட்டி பழுது, பயிரோ காய்க்கும் பருவம் என்ற அவசரத்தில் வீட்டிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்க வேண்டாம். ஓரிரவுக்குக்கூட வேண்டாம். “பெட்டியில் ஐயாயிரம் வோல்ற்று வருகிறதே, இது 230தானே” என்று சிலர் கேட்பார்கள். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. பெட்டி ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தை அனுப்புகிறது. தொட்டவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொள்ள இடைவெளி கிடைக்கும். வீட்டு மின்சாரத்தில் அந்த இடைவெளி இல்லை. தசை இறுகிக் கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடும். மாடு தேடி வரும் அயலவருக்கும், பந்தெடுக்க ஓடும் பிள்ளைக்கும் இந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. இவ்வாறு போட்ட கம்பிகளில் நம் நாட்டில் மனிதரும் யானைகளும் தொடர்ந்து இறக்கின்றனர். இது சட்டப்படி குற்றமுமாகும்.

யாராவது அப்படியான கம்பியில் சிக்கியிருந்தால் ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பின்னர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் கேளுங்கள்.

மின்சாரம் போகும் வழி

பெட்டியிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே போகின்றன. ஒன்று வேலிக் கம்பிக்கு. மற்றது நிலத்தில் அடித்த ஏர்த் கம்பிக்கு. மான் வேலியைத் தொடும்போது மின்சாரம் மானின் உடம்பு வழியாக நிலத்தில் இறங்கி, மண்ணூடாக ஏர்த் கம்பிக்கு வந்து, பெட்டிக்குத் திரும்பும். ஆகவே உங்கள் வேலியில் பாதி கம்பி, மீதிப் பாதி மண். இதை மனதில் வைத்துக்கொண்டால் பழுது தேடுவது இலகு.

முதல் சோதனை இது. பெட்டியை நிறுத்தி, வேலிக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ‘டிக், டிக்’ என்ற சத்தம் ஒழுங்காக வந்து, வேலி சோதிக்கும் கருவியும் சில ஆயிரம் வோல்ற்று காட்டினால் பெட்டி நன்றாக இருக்கிறது, பழுது வெளியே. சத்தமே இல்லையென்றால் பற்றரியைப் பாருங்கள். வேலிக் கம்பியிலோ பெட்டியின் வேலி முனையிலோ சாதாரண மல்ரிமீற்றரை வைக்க வேண்டாம், அது எரிந்துவிடும். வேலிக்கென்றே உள்ள சோதனைக் கருவி ஒன்றை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி வைத்திருப்பது நல்லது.

பற்றரி

பற்றரியை அளக்க மல்ரிமீற்றர் போதும். சில மணித்தியாலம் எதிலும் தொடுக்காமல் வைத்த 12 வோல்ற்று பற்றரி 12.6 அளவில் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறுமை. அப்படியே நாட்கணக்கில் விட்டால் பற்றரி கெட்டுவிடும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசி இறுக்குங்கள். கரைசல் மூடித் துளைகளுக்குள் போகக்கூடாது. அசிட் கண்ணில் பட்டால் பார்வை போகும். முகத்தைத் தள்ளி வைத்து வேலை செய்யுங்கள். தண்ணீர் விடும் வகைப் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் விட வேண்டும், கிணற்று நீர் கூடாது. பியூஸ் போயிருந்தால் அதே அளவில் இன்னொன்று போடுங்கள். சிகரெட் தாளோ வயர்த் துண்டோ வைத்துச் சமாளித்தால் அடுத்த முறை பெட்டியே போய்விடும்.

சோலர் பனல் இருந்தால் தூசியைத் துடையுங்கள். ஒரு மூலையில் வடலி ஓலையின் நிழல் விழுந்தாலும் பனல் தரும் மின்சாரம் வெகுவாகக் குறையும்.

மாரியில் கம்பி, கோடையில் மண்

எங்கள் பகுதியில் பழுது காலத்தோடு மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொடும். ஒவ்வொரு ஈரப்புல்லும் கொஞ்சம் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்க, வேலியின் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. பெட்டியை நிறுத்திவிட்டுக் கம்பியின் கீழ் வெட்டித் துப்புரவாக்குங்கள். கம்பியைக் கட்டையில் தாங்கும் காவலிகளில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் நடந்து பார்த்தால் வெடித்த காவலியில் நீலப்பொறி பறப்பது தெரியும், சத்தமும் கேட்கும். பொறி தெரியாவிட்டால் சிறிய றேடியோவை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, கம்பியைத் தொடாமல் வேலியோரமாக நடவுங்கள். கசிவு உள்ள இடத்தை நெருங்க நெருங்க ‘டக் டக்’ என்ற சத்தம் பலக்கும்.

பெட்டியிலிருந்து வேலிக்குப் போகும் வயர் வீட்டுக்குப் பாவிக்கும் சாதாரண வயராக இருந்து மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். அதன் உறை ஆயிரக்கணக்கான வோல்ற்றைத் தாங்காது. மின்வேலிக்குரிய தடித்த உறை வயரை வாங்கி, அல்காதீன் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோக வேண்டும்.

ஆடி, ஆவணியில் நிலைமை தலைகீழ். புல் இல்லை, கம்பி சுத்தம், கருவியும் நல்ல வோல்ற்று காட்டுகிறது. ஆனாலும் மான் உள்ளே வருகிறது. காரணம் காய்ந்த மண். மானின் காலடியிலிருந்து ஏர்த் கம்பிக்கு மின்சாரம் திரும்பி வர வழியில்லை. ஏர்த் கம்பியடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, கால் மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். வேலி உயிர் பெற்றால் பழுது அதுதான். நிரந்தரமாகத் திருத்த, நாகம் பூசிய இரும்புக் கம்பிகள் மூன்றை, ஒவ்வொன்றும் 1.5 முதல் 2 மீற்றர் ஆழத்துக்கு, 3 மீற்றர் இடைவெளியில் அடித்து ஒன்றோடொன்று தொடுக்க வேண்டும். கிணற்றடி, வாய்க்கால் ஓரம் போன்ற ஈரமான இடம் சிறந்தது. வீட்டு மின்சாரத்தின் ஏர்த் கம்பியிலிருந்து 10 மீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

அலவாங்கை எடுக்க முன்னர் ஒன்று: மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்து கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே தோண்டுங்கள், அடியுங்கள். வேலியோரம் காணியின் எல்லை என்பதால் இது முக்கியம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

பெட்டிதான் பழுது என்றால்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி பேசாவிட்டால், அதைத் திருத்துநரிடம் கொண்டுபோங்கள். உள்ளே உள்ள கொள்ளளவி பல நூறு வோல்ற்றைச் சேர்த்து வைத்திருக்கும். பற்றரியைக் கழற்றிய பின்பும் அது உள்ளேயே நிற்கலாம். றேடியோ திருத்தத் தெரிந்த மருமகன் இருந்தாலும் இதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடியிருந்து கெடுப்பதுண்டு. அது சிறு செலவு. மின்னல் அடித்துப் பலகை கருகியிருந்தால் திருத்தக் கேட்கும் காசையும் புதுப் பெட்டியின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் கேட்டால் புதிது வாங்குவதே புத்தி என்பது எங்கள் எண்ணம். இடி முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே பெட்டியை நிறுத்தி வேலி வயரைக் கழற்றிவிட்டால் இந்தச் செலவு பெரும்பாலும் வராது. இடி தலைக்கு மேலே வந்த பின்னர் கிட்டப் போக வேண்டாம்.

கிராமத்தைச் சுற்றி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் போட்ட யானை வேலிக்கு இவை எதுவும் பொருந்தாது. அதில் கை வைக்காமல் அவர்களுடைய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

வேலி திரும்ப வேலை செய்யத் தொடங்கியதும் ஆபத்து என்ற பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கட்டுங்கள். பிறகு தகரம் அல்லது பளபளக்கும் தாளைச் சிறு கீலங்களாக வெட்டிக் கம்பியில் ஆங்காங்கே தொங்கவிடுங்கள். மானின் ரோமம் மின்சாரத்தை லேசில் விடாது. ஈரமான மூக்கில் பட்டால்தான் அது பயப்படும். மினுங்கும் பொருளைக் கண்டால் கிட்ட வந்து முகர்ந்து பார்க்கும். வேலி செத்துக் கிடந்த நாட்களில் உள்ளே வந்து ருசி கண்ட மான் திரும்பவும் வரும் என்பதால், திருத்திய பின் முதல் இரண்டு வாரமும் இரவு பகல் எந்நேரமும் பெட்டி இயங்கட்டும்.