திருநெல்வேலித் திருச்சபையில் ஒழுங்கு நடவடிக்கையும் மனந்திரும்பாதோர் நிலையும்

கிறித்தவ சபை ஒழுங்கிற்கு மூலமாகக் கொள்ளப்படுவது மத்தேயு 18:15-17. தவறியவரைத் தனித்துக் கண்டித்தல், ஓரிரு சாட்சிகளுடன் கண்டித்தல், சபைக்கு அறிவித்தல், அதற்கும் செவிகொடாதவரைப் புறத்தாராக எண்ணுதல் என அது படிப்படியாக அமைகிறது. 1 கொரிந்தியர் 5 விலக்கத்தை வற்புறுத்த, 2 கொரிந்தியர் 2 வருந்தியவரை மன்னித்துத் தேற்றுமாறு கூறுகிறது. எனவே விலக்கம் முடிவான தண்டனை அன்று. மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கான இடைநிலை. ஆயின், மனந்திரும்பினாரா என்று தீர்மானிப்பவர் யார் என்னும் வினாவைத் தாமிரபரணிக் கரைச் சபைகளின் வரலாறு கூர்மையாக எழுப்புகிறது.

குளோரிந்தா

தஞ்சை மராத்தியப் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண்ணான குளோரிந்தா, லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியுடன் பாளையங்கோட்டையில் வாழ்ந்தார். மணமின்றி வாழ்வதைக் காரணங்காட்டிச் சுவார்ட்சு ஐயர் அவருக்குத் திருமுழுக்குத் தர மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778இல் திருமுழுக்கு வழங்கப்பட்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது சபைநீக்கம் அன்று; அவர் அப்போது சபையின் உறுப்பினரே அல்லர். எனினும் ஒழுங்கின் தர்க்கம் இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. தடையை நீக்கியது மனமாற்றம் அன்று, மரணம். ஏற்கெனவே கிறித்தவராயிருந்த அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகப் பரவலாக வழங்கும் வரலாறு பேசுவதில்லை. மறுப்பின் சுமை முழுதும் பெண்ணின் மீதே விழுந்தது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டின் 40 பெயர்களுள் முதற்பெயர் அவருடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிட்டை செய்யப்பட்டது.

இரேனியசும் சட்டாம்பிள்ளையும்

ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், வெளிப்படையாகத் தீயொழுக்கத்தில் நிற்பவரை நற்கருணையிலிருந்து விலக்கக் குருவானவருக்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வாறு விலக்கினால் 14 நாள்களுக்குள் பேராயருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. தனிமனிதக் கோபத்திற்கு இடப்பட்ட கடிவாளம் இது. ஆனால் திருநெல்வேலிக்குத் தனிப் பேராயம் 1896இல்தான் அமைந்தது. அதுவரை மேல்முறையீட்டிடம் தொலைவிலுள்ள சென்னை. மிஷன் ஊர்களில் பள்ளி, சம்பளம், நற்கருணை ஆகியவை பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருந்தமையால், பணிநீக்கமும் ஆன்மிகக் கண்டிப்பும் வேறு பிரித்தறிய இயலாதவாறு கலந்தன.

ஆங்கிலத் திருச்சபை முறைமையை விமர்சித்த இரேனியசைச் சர்ச் மிஷனரி சங்கம் 1835இல் பணிநீக்கியது. அவர் பணியவில்லை, பாளையங்கோட்டைக்கே திரும்பித் தனித்துப் பணிபுரிந்தார். 1838இல் அவர் மறைந்தபின்பே பிளவு ஆறத் தொடங்கியது.

சாயர்புரம் செமினரியில் பயின்ற அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளையின் நிலை வேறு. நாசரேத்து மிஷனெரி கெமரருடன் ஏற்பட்ட பிணக்கால் அவர் உபதேசியார் பணியிலிருந்து நீக்கப்பட்டார். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட சாணார் குறித்த நூல் தம் இனத்தை இழிவுபடுத்தியது என்ற சினமும் உடன் சேர்ந்தது. மிஷன் பார்வையில் அவர் அடங்காத கலகக்காரர். அவர் பார்வையிலோ மனந்திரும்ப வேண்டியவர்கள் மிஷனெரிகளே. மத்தேயு கூறும் வழிமுறையில் குற்றஞ்சாட்டுபவரும் இறுதியில் சபையின் முன் நிற்கிறார். இங்கு அந்த மூன்றாம் தரப்பே இல்லை.

1857இல் பிரகாசபுரத்தில் அவர் நிறுவிய இந்துக் கிறிஸ்தவ சபை, ஏகரட்சகர் சபை எனவும் வழங்கியது. ஐரோப்பிய மிஷனெரிகளின் தலைமையை மறுத்துச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஏற்ற அச்சபை, பழைய ஏற்பாட்டு யூத வழக்கங்கள் பலவற்றையும் கைக்கொண்டது. விலக்கப்பட்டவருக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.