யோட்டாமீட்டரிலிருந்து அட்டோமீட்டர் வரை

2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ ஆய்வுக்கூடங்கள், ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பு அலையை முதன்முதலாகப் பதிவுசெய்தன. அந்த அலை கடந்துவந்த தொலைவும், அது கருவியில் உண்டாக்கிய அசைவும் நீள அளவின் இரு எல்லைகளைச் சேர்ந்தவை. எனினும் அவற்றை ஒரே கணக்கில் சேர்த்து நிறுத்த மெட்ரிக் முறையால் இயலும்.

மெட்ரிக் முறையில் மீட்டர் ஒன்றே நீளத்தின் அடிப்படை அலகு. அதன் முன் சேரும் முன்னொட்டு, 10-இன் எந்த அடுக்கால் அதைப் பெருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கிலோ என்பது 10³, நானோ என்பது 10⁻⁹, 1964-இல் ஏற்கப்பட்ட அட்டோ என்பது 10⁻¹⁸, 1991-இல் ஏற்கப்பட்ட யோட்டா என்பது 10²⁴.

ஓர் அலகிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, முதல் அலகின் அடுக்கிலிருந்து இரண்டாவதன் அடுக்கைக் கழித்தால், பெருக்க வேண்டிய 10-இன் அடுக்கு கிடைத்துவிடும். கிலோமீட்டரை அட்டோமீட்டராக்க, 3-இலிருந்து −18-ஐக் கழிக்க 21 வருகிறது. ஆகவே ஒரு கிலோமீட்டர் 10²¹ அட்டோமீட்டர். இங்கே எதிர்க்குறியைக் கவனியாமல் 3-இலிருந்து 18-ஐக் கழித்து −15 என்று கொண்டால், விடை 10³⁶ மடங்கு பிழைபடும்.

ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவான ஒளியாண்டு, சுமார் 9.46 × 10¹⁵ மீட்டர். அதை 130 கோடியால், அதாவது 1.3 × 10⁹-ஆல் பெருக்கினால், அந்த அலை வந்த தொலைவு ஏறத்தாழ 1.2 × 10²⁵ மீட்டர், அதாவது 12 யோட்டாமீட்டர் என்றாகிறது.

லைகோ கருவியோ, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த, ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கரங்களின் நீள வேறுபாட்டை லேசர் ஒளியால் அளக்கிறது. அலையின் உச்சத்தில் அந்த வேறுபாடு கர நீளத்தில் சுமார் 10²¹-இல் ஒரு பங்கு. மீட்டரில் அது 4 × 10⁻¹⁸, அதாவது 4 அட்டோமீட்டர். புரோட்டானின் விட்டம் சுமார் 1,700 அட்டோமீட்டர் என்பதால், அளக்கப்பட்ட அசைவு அதில் ஏறக்குறைய நானூற்றில் ஒரு பங்கே. கரத்தின் நீளத்தையும் அதே அலகில் எழுதும்போது, 4 × 10²¹ அட்டோமீட்டர் நீளத்தில் 4 அட்டோமீட்டர் மாறியது என்று அந்தச் சாதனையின் அளவு வெளிப்படையாகத் தெரிகிறது.

ஆகவே அலகுமாற்றத்தைப் பூச்சியங்களை எண்ணும் பயிற்சியாக அன்றி, அடுக்குகளின் கணக்காகவே மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா ஆய்வுக்கூடம் அமையவிருக்கும் நிலையில், அங்கே பணியாற்றப்போகும் தலைமுறைக்கு இந்தத் தேர்ச்சி இன்றியமையாதது.