கணக்குப் பெட்டியும் கோடை உஷ்ணமும்

பேரேடுகள் மட்டுமே சங்கத்தின் செல்வமாக இருந்த காலம் மாறிவிட்டது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ.2,516 கோடித் திட்டத்திற்கு, மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கணினி புகுந்துவிட்டது. சங்கத்தின் கடிதங்கள், பட்டியல்கள், காமிராப் பதிவுகள் ஆகியவை பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் எனப்படும் தகட்டுப் பெட்டியிலேயே தங்குகின்றன.

திருநின்றவூர் வட்டாரத்தில் நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், தூசிக்கு அஞ்சிக் கணினியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தனர். மேலே துணியுறை வேறு. கத்திரி வெயிலில் தகடு பழுதுற்றது. நகல் எதுவும் இல்லை. பழைய ரசீதுகளைக் கொண்டு பட்டியல்களை மீண்டும் எழுதப் பல நாட்கள் ஆயின. அதுவரை அங்கத்தினர்கள் அலைந்து திரும்பினர். பாதுகாப்பென்று கருதிச் செய்ததே கேடாய் முடிந்தது.

இதன் காரணம் யாது? தகடு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதனைச் சுழற்றும் மோட்டாரும் மின்சுற்றும் செலவிடும் மின்சாரம் சில வாட்டுகளே எனினும், அது முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. ஈர நெல்லை மூட்டை கட்டினால் உள்ளே வெதும்புவதை விவசாயிகள் அறிவர். காற்றுப் போக்கற்ற பெட்டியின் நிலையும் அதுவே. 60 டிகிரி செல்சியஸ் வரையே தகடு இயங்கலாம் எனத் தயாரிப்பாளர்கள் பொதுவாக வரையறுக்கின்றனர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-இல் வெயில் 45 டிகிரியை எட்டியது. வெளிக்காற்றே அவ்வாறாயின், அடைத்த அலமாரியின் உட்புறத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தல் வேண்டும். குளிர்ந்த காற்று முன்புறம் புகுந்து, சூடான காற்று பின்புறம் வெளியேற வழி வேண்டும்.

2. இரு தகடுகள் இருப்பின், இடையே ஓர் அறையைக் காலியாக விடுதல் நன்று. ஒயர்களைக் கட்டி ஒதுக்குக.

3. தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசி விசிறியை அடைத்துவிடும். மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, மென்தூரிகையால் துடைத்திடுக.

4. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைப்பது முறையன்று. தூசி புகும், தகட்டின்மேல் செல்ல வேண்டிய காற்றும் சிதறும்.

5. காமிராப் பதிவுக் கருவி இரவு பகலாக இயங்குவது. அதனைப் பூட்டி வைப்பதாயின், கம்பிவலைக் கதவுள்ள அலமாரியில் வைக்கவும்.

6. தகட்டின் உஷ்ணத்தைக் கணினியிலேயே மென்பொருள் வாயிலாக அறியலாம். 50 டிகிரியை அடிக்கடி தாண்டுமாயின் பழுதுபார்ப்பவரை அழைத்திடுக.

எனினும் உஷ்ணம் ஒன்றே குற்றவாளி அன்று. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட தகடுகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, மிதமான உஷ்ணத்திற்கும் பழுதுக்கும் பெருந்தொடர்பு இல்லையென்றும், மிகுந்த உஷ்ணத்திலேயே பழுது கூடுகிறதென்றும் காட்டிற்று. குளிர்ச்சியான அறையிலும் தகடு ஒரு நாள் நின்றுவிடக் கூடும். ஆதலின் வாரந்தோறும் நகல் எடுத்து, வேறொரு கட்டடத்தில் வைத்தல் இன்றியமையாதது.

அடுத்த பொதுப் பேரவையில், "நம் கணினி எங்கே இருக்கிறது? நகல் எங்கே இருக்கிறது?" என அங்கத்தினர்கள் கேட்பார்களாக. கணக்கு நம்முடையது, அதன் காவலும் நம்முடையதே.